பில் போடும் முன் கேளுங்கள்: கொல்லிமலை ஊராட்சிகளும் டெல்லிப் பணமும்

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். சிமெண்ட் மூட்டை, ஜல்லி, கம்பி, குழாய் என மலைமேல் நடக்கும் எந்த அரசு வேலைக்கும் பொருள் கீழேயிருந்து லாரியில் ஏறி வரவேண்டும். அதனால் மலை ஊரின் எஸ்டிமேட் சமவெளியின் எஸ்டிமேட்டைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால், எவ்வளவு கூடுதல் என்று கேட்க ஆளில்லாதபோது அந்த ஏற்றுக்கூலிக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம். "மலைக்கு வண்டி ஏறணும் இல்ல?" என்ற ஒரே பதிலில் பல கேள்விகள் அடங்கிப்போகின்றன. அந்தப் பதிலோடு நிற்காமல் அடுத்த கேள்வியை எங்கே, எப்போது, யாரிடம் கேட்கலாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று ஒவ்வொன்றும் ஒரு 'நாடு'. இவற்றுக்கு வரும் பணத்தில் ஒரு முக்கியமான பங்கு மத்திய நிதிக்குழு மானியம். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான 5 ஆண்டுகளுக்கு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கென்று 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவழிக்கலாம். ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது. குடிநீருக்கான பணத்தில் சமுதாயக் கூடத்துக்கு வர்ணம் பூசினால், வர்ணம் நன்றாகவே பூசப்பட்டிருந்தாலும் அது விதிமீறல்தான்.

வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டம் 2019-ல் தொடங்கியது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் கணக்கு. ஊருக்குள் நடக்கும் வேலையின் செலவில் மக்கள் பங்கு பொதுவாக 10 சதவீதம். மலைப்பகுதிகளிலும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் 5 சதவீதம்தான். அதையும் பணமாகவே தரவேண்டும் என்பதில்லை. பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கொல்லிமலைக்கு இந்த இரண்டு தகுதியும் உண்டு. 'குழாய்க் கனெக்‌ஷனுக்கு' என்று யாராவது பணம் கேட்டால், எந்தக் கணக்கில், எத்தனை சதவீதம், ரசீது எங்கே என்று கேட்க இந்த விவரம் போதும்.

எந்தச் சட்டம் தங்களுக்குப் பொருந்தும் என்பதில் மலை மக்களிடையே ஒரு குழப்பம் இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் 'பெசா' சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. எனவே கொல்லிமலைக் கிராம சபையின் பலம் முழுவதும் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-லிருந்தே வருகிறது. பொருள் வாங்குவதற்கும் வேலையை ஒப்பந்தத்துக்கு விடுவதற்கும் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 உண்டு. அது உள்ளாட்சிகளையும் கட்டுப்படுத்தும். இவற்றோடு, மானியம் எந்தத் திட்டத்தில் வருகிறதோ அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளும் சேர்ந்துகொள்கின்றன. டெல்லியிலிருந்து பணம் மட்டும் வருவதில்லை, அதைச் செலவழிக்கும் முறையும் கூடவே வருகிறது.

அதற்கு ஒரு பெரிய சாட்சி பாரத்நெட். தமிழ்நாட்டின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்க, மத்திய நிதியில், ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய்க்கு மாநில நிறுவனம் ஒன்று டெண்டர் விட்டது. டெண்டர் நிபந்தனைகள் சிலருக்குச் சாதகமாக மாற்றப்பட்டதாக ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் செய்தது. மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை அதை விசாரித்து, நிபந்தனைகள் போட்டியைத் தடுக்கின்றன என்று கண்டது. டெண்டரை ரத்து செய்து, அந்த நிபந்தனைகளை நீக்கி மறுபடி விடும்படி 2020 ஜூனில் உத்தரவிட்டது. ஒரு மாநில அரசின் நிறுவனமே நிற்க வேண்டியிருந்தது. அந்தப் புகார் எழுந்தது வேலை முடிந்து பில் பாஸான பிறகு அல்ல, டெண்டர் கட்டத்திலேயே என்பதைக் கவனியுங்கள்.

ஊராட்சி அளவில் மீறல் எப்படி நடக்கும்? ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். 600 மீட்டர் சிமெண்ட் சாலை வரவேண்டும். மொத்தமாக டெண்டர் விட்டால் ஒப்பந்தப்புள்ளிச் செய்தி மடலில் அறிவிப்பு வரவேண்டும். நாலு பேர் விலை கேட்பார்கள். பெட்டி அவர்கள் எதிரில் திறக்கப்படும். அதைத் தவிர்க்க, சாலையை மாரியம்மன் கோவில் வரை, கோவிலிலிருந்து பள்ளி வரை, பள்ளியிலிருந்து கடைசி வீடு வரை என்று மூன்று துண்டாக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டும் சிறிய தொகை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கொட்டேஷன். மூன்றும் ஒரே கையெழுத்து, ஒரே அச்சகத்து லெட்டர்பேடு, சில சமயம் ஒரே எழுத்துப்பிழை. வேலை ஒரே ஆளுக்கு, ஒரே வாரத்தில். மேலதிகாரியின் அனுமதியையோ டெண்டரையோ தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டுபோட்டு வாங்கக்கூடாது என்பதை மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017 தன் துறைகளுக்கு எழுத்திலேயே வைத்திருக்கிறது. துண்டுபோட்ட சாலையை அடையாளம் காண என்ஜினியர் படிப்பு தேவையில்லை. மூன்று வேலை உத்தரவுகளின் தேதியையும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

அடுத்தது 'அவசரம்'. டெண்டர் இல்லாமல் வாங்குவதற்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சில விலக்குகளைத் தருகிறது. இயற்கைப் பேரிடரும், அரசு அறிவித்த அவசர நிலையும் அவற்றில் சேரும். மார்ச் மாதம் முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்பது அந்த அவசரத்தில் வராது. டெண்டர் அறிவிப்புக்கும் விலைப்புள்ளி தரும் கடைசி நாளுக்கும் இடையே, 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள் தரவேண்டும். அதைக் குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அந்த எழுத்தைக் கேட்டு வாங்கலாம்.

ஊராட்சி உறுப்பினரோ தலைவரோ தம் ஊராட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு வைத்தால் பதவிக்கே ஆபத்து. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தகுதியிழப்பாக வைத்திருக்கிறது.

கீழேயிருந்து நடப்பதைவிட மேலேயிருந்து வரும் அழுத்தம் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தருமபுரி மாவட்டத்தில் 2019-20-ல் 251 ஊராட்சிகளுக்கு வரி ரசீது புத்தகங்கள் வாங்கியதில் 1.31 கோடி ரூபாய் முறைகேடு என்று லஞ்ச ஒழிப்புத் துறை 2023-ல் வழக்குப் பதிவு செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் முன்னாள் மாவட்ட ஆட்சியரும் ஒருவர். குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் வழக்கு ஒரு பழக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஊராட்சி கேட்காத பொருள், ஊராட்சி பேசாத விலையில், ஊராட்சியின் பணத்தில் வந்து இறங்கும் பழக்கம். ரசீது புத்தகம், எல்.இ.டி. விளக்கு, பிளீச்சிங் பவுடர் என்று பொருள் எதுவாக இருந்தாலும் செலவு ஊராட்சிக் கணக்கில்தான் ஏறும். தணிக்கையில் இழப்பு என்று வந்தால், மேலிடம் வாய்மொழியாகச் சொன்னது என்ற பதில் கையெழுத்துப் போட்டவரைக் காப்பாற்றாது. மலை ஊராட்சியின் தலைவராக நாளை வரப்போகும் எந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: உத்தரவை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராவிட்டால், தரவில்லை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

விதியை மீறினால் ஊருக்கு என்ன நட்டம்? சாலை பெயர்வது கண்ணுக்குத் தெரியும். அடுத்த தவணை நிற்பது தெரியாது. 15-வது நிதிக்குழு மானியத்துக்கு, கணக்கும் தணிக்கை அறிக்கையும் இணையத்தில் ஏறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது நினைவிருக்கலாம். 2019 டிசம்பரில் வாக்களித்த மாவட்டங்களில் கொல்லிமலை இருக்கும் நாமக்கல்லும் ஒன்று. அப்போது வந்த மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன்பின் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் தனி அலுவலர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஊராட்சியைக் கண்காணிக்க வேண்டிய அலுவலரே அதன் செலவுக்கும் பொறுப்பாவது எனக்குச் சரியாகப் படவில்லை. மன்றம் இல்லாத காலத்தில் மக்கள் கையில் மிஞ்சுவது கிராம சபை ஒன்றுதான்.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரையுள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும் வந்தால்தான் சபை செல்லும். ஒரு நாட்டின் சிற்றூர்கள் மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. கூட்டம் நடக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் வந்து தீர்மானம் நிறைவேறிவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஊரில் கூட்டம் வைக்கும்படி எழுதிக் கேளுங்கள். அங்கே வரவு-செலவு வாசிக்கப்படும்போது கேட்க வேண்டியவை மூன்று: எந்த வேலைக்கு எந்த நிதித் தலைப்பு, டெண்டர் எந்தத் தேதியில் அறிவிக்கப்பட்டது, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் அளவு பதிந்தாயிற்றா. செல்போன் உள்ள பிள்ளைகள் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் தம் ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் முன்கூட்டியே பார்த்து வரலாம்.

சபையில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, செம்மேட்டில் உள்ள ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்று இணைத்தால் கட்டணமே இல்லை. அலுவலகம் மாறிப்போனாலும் பயமில்லை. 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பிவிட வேண்டும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அதன்பின் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எஸ்டிமேட், மூன்று கொட்டேஷன், வேலை உத்தரவு, எம்-புக் பக்கம், பில் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். இந்தச் சட்டத்தில் பலர் அறியாத ஓர் உரிமை உண்டு. வேலையை நேரில் ஆய்வு செய்யலாம். போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் எடுக்கலாம். கான்கிரீட் கைபட்டால் உதிர்கிறது என்று வாயால் சொல்வதும், அந்தத் துண்டை முத்திரையோடு கையில் வைத்திருப்பதும் ஒன்றல்ல.

டெண்டரில் கலந்துகொண்டு நியாயமில்லாமல் ஒதுக்கப்பட்ட ஒப்பந்ததாரர், உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். மலையிலிருந்தே ஒப்பந்தம் எடுக்க முன்வரும் இளைஞர்கள் இந்த 10 நாளை மறக்கக் கூடாது. பொதுமக்கள் திங்கட்கிழமைகளில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு தரலாம். மலை இறங்க முடியாதவர்களுக்கு 1100 என்ற முதல்வர் உதவி எண் உண்டு. உள்ளாட்சி முறைகேடுகளை விசாரிக்கவென்றே 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முறைமன்ற நடுவம் சென்னையில் இருக்கிறது. லஞ்சம் கைமாறியதற்கு ஆதாரம் இருந்தால் நேரே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம். எங்கே போனாலும் மனுவின் நகலில் தேதியிட்ட முத்திரையை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கிராம சபை முடிந்ததும் தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்காகச் சுற்றி வரும். கைநாட்டு வைக்கும் பாட்டியிடம் அதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் இடையில் வெற்றிடம் விட்டிருந்தால், பேனாவால் ஒரு குறுக்குக்கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.