எழுத்து தெரிந்தும் வாசிக்கத் தடுமாறுவது ஏன்?

உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாவற்றையும் கடகடவென ஒப்பிக்கிற குழந்தை, புதிதாக ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் முதல் வரியிலேயே திணறிப்போகிறது. “ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல” என்கிறது வீடு. “வீட்டுல யாரும் கவனிக்கிறதில்ல” என்கிறது பள்ளி. இந்தப் புகார்களுக்கு நடுவே, குழந்தை எந்த இடத்தில் இடறுகிறது என்று பார்க்க ஆளில்லாமல் போகிறது.

குழந்தைகளின் கற்றல் நிலையை அளவிடும் ஏசர் ஆய்வின் 2022 அறிக்கையின்படி, தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்பில் படித்த குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். 2018-இல் அது 10 பேர். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அதனால் நேர்ந்த கற்றல் இழப்பு இந்தக் கணக்கில் தெரிகிறது. 2024 அறிக்கையில் நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனால் கொரோனாவுக்கு முன்பும் பத்தில் ஒன்பது குழந்தைகளால் அந்தப் பாடத்தை வாசிக்க முடியவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இடறுகிற இடங்கள்

தமிழில் எழுத்துகள் 247. அத்தனையையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அடிப்படை வடிவங்களும் அவற்றோடு சேரும் குறிகளும் பிடிபட்டால் பெரும்பாலானவை வசப்பட்டுவிடும். ஆனால் சில இடங்கள் பல குழந்தைகளைத் தடுக்கின்றன.

ஒன்று, கொம்பு. ‘கெ’ என்பதில் ஒலி ‘க்’-இல் தொடங்கி ‘எ’-யில் முடிகிறது. எழுத்திலோ கொம்புதான் முதலில் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போகும் கண், பின்னால் வரவேண்டிய ஒலியை முன்னால் சந்திக்கிறது. ‘கொடி’யில் இன்னும் சிக்கல்: கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். காலை ‘ர’ என்று எண்ணி, ‘கெ… ர… டி’ என்று எழுத்துக்கூட்டும் குழந்தையைக் கூர்ந்து பாருங்கள். அது கவனமில்லாமல் படிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை ஒழுங்காகத்தான் படிக்கிறது. மூன்று துண்டும் சேர்ந்து ஒரே எழுத்து என்பது அதற்கு இன்னும் சொல்லப்படவில்லை.

இரண்டு, உகர, ஊகார வரிசைகள். கு, சு, டு, து, மு, கூ, சூ என்று இவை ஒரே அச்சில் அமையாதவை. இந்த இரண்டு வரிசைகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும்.

மூன்று, ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள். கல், பகல், தங்கம் மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சொல் முன்பே காதுக்குப் பழக்கமாக இருந்தால்தான் சரியான ஒலி நாவில் வரும்.

பேச்சும் ஏடும்

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. “அவங்க வந்துக்கிட்டு இருந்தாங்க” என்று பேசி வளர்ந்த குழந்தை, புத்தகத்தில் “அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்” என்பதைச் சந்திக்கிறது. எழுத்துக்கூட்டி முடித்த பிறகும், தான் அறிந்த சொல் எதுவும் அதன் காதில் விழுவதில்லை. வாய் படிக்கிறது, பொருள் வந்து சேர்வதில்லை.

ஆய்வாளர்கள் காஃப், டன்மர் இருவரும் 1986-இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவும். எழுத்தை ஒலியாக்கும் திறனையும், கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு என்றார்கள். பெருக்கலில் ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம்தான். எழுத்துப் பயிற்சி மட்டும் கொடுத்தாலும் போதாது. கதை மட்டும் சொன்னாலும் போதாது. முதலாவதை முறையாகத் தரவேண்டியது பள்ளி. இரண்டாவதில் வீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

பள்ளியில் செய்ய வேண்டியது

வயதை வைத்து எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்தாமல், குழந்தை நிற்கிற நிலையிலிருந்து தொடங்க வேண்டும். 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வளர்ந்து, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது.

எழுத்துகளைச் சொல்லித்தரும் வரிசையும் முக்கியம். ப, ட, ம மூன்றும் புள்ளியும் தெரிந்த உடனேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களை வாசிக்கலாம். முதல் வாரங்களிலேயே ‘நானே படித்தேன்’ என்ற தெம்பு வந்துவிடும்.

வகுப்பே சேர்ந்து உரக்கப் படிப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாற்பது குரல்களுக்குள் படிக்கத் தெரியாத குரலும் ஒளிந்துகொள்ளும். மனப்பாடம் எது, வாசிப்பு எது என்று கண்டுபிடிக்க ஒரு சிறு சோதனை போதும். பாடத்தின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு, முன்னும் பின்னும் உள்ளதைக் கையால் மறைத்துக்கொண்டு, “இது என்ன?” என்று கேளுங்கள். வரியின் தொடக்கத்திலிருந்து சொல்லிப் பார்த்துத்தான் அந்தச் சொல்லுக்கு வரமுடிகிறது என்றால், குழந்தை இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை. வாரத்தில் ஒரு முறையாவது ஒவ்வொரு குழந்தையும் தனியாகப் படிப்பதை ஆசிரியர் கேட்க வேண்டும். அதற்கு ஆசிரியருக்கு நேரம் கிடைக்க வேண்டும். பதிவேடுகளும் ஆன்லைன் பதிவுகளும் அந்த நேரத்தை விழுங்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது

தினமும் பத்து நிமிடம் கதை வாசித்துக் காட்டுங்கள். வரியின் அடியில் விரலை நகர்த்தியபடி, ஏட்டில் உள்ளபடியே வாசியுங்கள். பிறகு அதையே பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். ‘வந்தார்கள்’ என்றால் ‘வந்தாங்க’தான் என்பது குழந்தைக்குத் தானாகவே விளங்கிவிடும். அதே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். திரும்பத் திரும்பப் படிப்பதில்தான் சரளம் வருகிறது.

படிக்காத பெற்றோர் இதில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பாட்டி கதை சொல்லலாம்; “அப்புறம் என்னாச்சு? ஏன் அப்படிப் பண்ணுச்சு?” என்று கேட்கலாம். “மா-வுல ஆரம்பிக்கிற பேரு சொல்லு பாப்போம்” என்று விளையாடலாம். பஸ்ஸின் ஊர்ப்பலகையையும் கடைப் பலகையையும் குழந்தையைப் படிக்கச் சொல்லலாம். இவை எல்லாமே வாசிப்புக்கான வேலைதான்.

குழந்தை திக்கினால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே போங்கள். அதட்டல் கேட்ட குழந்தை அடுத்த நாள் புத்தகத்தையே எடுக்காது.

புத்தகம் வாங்க வசதியில்லை என்ற கவலையும் வேண்டாம். அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம்.

எப்போது உதவி தேட வேண்டும்?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பலகை தெரியாத குழந்தைக்கு ‘மக்கு’ என்ற பெயர் விழுந்துவிடுவது கொடுமை. தொடக்கத்தில் ன, ண குழம்புவதும் எழுத்தைத் திருப்பிப் போடுவதும் இயல்பு. நல்ல பயிற்சிக்குப் பிறகும் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் எழுத்தும் ஒலியும் ஒட்டவே இல்லையென்றால் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடா என்று வல்லுநரிடம் பார்க்க வேண்டும். அது அறிவுக்குறைவு அல்ல. உரிய முறையில் கற்பித்தால் அந்தக் குழந்தைகளும் படிப்பார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் கணக்கும் அறிவியலும் வாசிப்பு வழியாகவே வருகின்றன. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு எல்லாப் பாடங்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்கின்றன. ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் “எத்தனை மார்க்?” என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் பிள்ளை தனியாகப் படித்ததைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? எந்த எழுத்தில், எந்த மாதிரிச் சொல்லில் தடுமாறுகிறது? நூலகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறீர்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த ஆசிரியரும், மாலையில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவரும் அமைந்துவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் வாசித்துவிடுவார்கள்.