சத்தம் குறைஞ்சா அடுத்த ரவுண்டு சுடாதீங்க: ‘ஸ்குவிப் லோடு’ என்றால் என்ன, தடுப்பது எப்படி?

1993 மார்ச் 31. அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலம், வில்மிங்டன் நகரில் ‘தி க்ரோ’ படப்பிடிப்பு. நாயகனை நோக்கித் துப்பாக்கியால் சுடும் காட்சி. ரிவால்வரில் இருந்தது ‘பிளாங்க்’ தோட்டா. அதாவது, சத்தமும் நெருப்பும் வரும், ஆனால் குண்டு கிடையாது. சக நடிகர் சுட்டார். நாயகன் விழுந்தார், எழவில்லை. அறுவை சிகிச்சை செய்தும் பலனின்றி அன்றே உயிரிழந்தார். அவர் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ. வயது 28 தான்.

குண்டே இல்லாத தோட்டா எப்படி உயிரைப் பறித்தது? ஏன்னா, ரிவால்வரின் குழலுக்குள் ஏற்கெனவே ஒரு குண்டு சிக்கியிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. இப்படிப் பாதி வழியில் குண்டு நின்றுபோவதைத்தான் ‘ஸ்குவிப் லோடு’ என்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா தயாரிப்பவர்கள் அதிகம் பயப்படும் தவறுகளில் இதுவும் ஒன்று.

தோட்டாவுக்குள் என்ன இருக்கு?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பட்டன் மாதிரி இருக்கும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. விசையை அழுத்தினால் ஊசி பிரைமரைக் குத்தும். பிரைமரின் தீப்பொறி மருந்தைப் பற்றவைக்கும். அதிலிருந்து வரும் வாயு குண்டைத் தள்ளும்.

மருந்து இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தால்? அதற்கும் கொஞ்சம் பலம் உண்டு. குண்டைக் கூட்டிலிருந்து பிடுங்கிக் குழலுக்குள் தள்ளிவிடும். ஆனால் வெளியே அனுப்பும் அளவுக்கு வேகம் போதாது. தீபாவளிக்கு நமுத்துப்போன வெடி ‘புஸ்’னு போகுமே, கிட்டத்தட்ட அதுதான்.

‘தி க்ரோ’ படத்திலும் அதுவே நடந்தது. தோட்டாக்களைக் கிட்டத்தில் காட்டும் ஒரு காட்சிக்காக, நிஜத் தோட்டாவிலிருந்து மருந்தை மட்டும் கொட்டிவிட்டு, குண்டை மறுபடி பொருத்தினார்கள். பிரைமரை நீக்கவில்லை. அது ஒருமுறை வெடித்து, குண்டு குழலில் போய் உட்கார்ந்தது. பின்னாளில் அதே ரிவால்வரில் போடப்பட்ட பிளாங்க் தோட்டாவின் வாயு, அந்தக் குண்டை நிஜத் தோட்டா போலவே வெளியே தள்ளியது.

அடுத்த ரவுண்டுதான் ஆபத்து

ஸ்குவிப் ஆன தோட்டா பெரும்பாலும் யாரையும் காயப்படுத்தாது. அடைபட்ட குழலில் அதன்பிறகு சுடும் நிஜத் தோட்டாதான் பிரச்னை. 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறைத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. வழியில் ஒரு குண்டு அடைத்துக்கொண்டிருந்தால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். விரல், கண் என எது வேண்டுமானாலும் போகலாம்.

ஏன் வீட்டிலேயே தயாரிக்கிறார்கள்?

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தோட்டா தயாரித்து விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்குத் தேவையில்லை. சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, சுத்தம் செய்து, புதிய பிரைமர், மருந்து, குண்டு போட்டால் தோட்டா ரெடி. செலவு குறையும், தன் துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி செய்துகொள்ளலாம் என்பதால் போட்டிகளில் சுடுபவர்களும் வேட்டைக்காரர்களும் இதைச் செய்கிறார்கள்.

தவறு எங்கே நடக்குது?

பெரும்பாலும் மருந்து போடும் இடத்தில்தான். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மிகக் கொஞ்சம் மருந்தே தேவை. 9 மி.மீ. தோட்டாவில் 5 கிரெய்ன் மருந்து என்று வைத்துக்கொள்வோம். அது வெறும் 0.32 கிராம்தான். ‘.38 ஸ்பெஷல்’ இன்னும் சிக்கல். 1890களின் இறுதியில், அதிக இடம் பிடிக்கும் கருமருந்துக்காக வடிவமைத்த நீளமான கூடு அது. இன்றைய மருந்து அதன் அடியில் எங்கோ ஒட்டிக்கிடக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் போட்டதும் போடாததும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஃபோன் வந்தது, பேச்சுக் கொடுத்தார்கள், மெஷின் சிக்கியது என எந்தக் கவனச்சிதறலும் ஒரு கூட்டை மருந்தில்லாமல் தாண்டவைத்துவிடும். மருந்துப் பெட்டி காலியானதைக் கவனிக்காமல் தொடர்வதும் உண்டு. எண்ணெயோ ஈரமோ பட்டுக் கெட்டுப்போன மருந்தும் ஒரு காரணம்.

தடுக்க என்ன செய்கிறார்கள்?

கண்ணால் பார்ப்பது: இதுதான் முதல் விதி. மருந்து போட்ட கூடுகளைத் துளையிட்ட பலகையில் வரிசையாக நிற்கவைத்து, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் மருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பார்த்த பிறகே குண்டு பொருத்த வேண்டும்.

காலிக் கூட்டைக் கவிழ்த்து வைப்பது: மருந்து போடாதவை தலைகீழாக இருக்கும். ஒன்றை நிமிர்த்தினால் உடனே மருந்து போட வேண்டும். சின்னப் பழக்கம்தான், ஆனால் குழப்பமே வராது.

இடம் அடைக்கும் மருந்து: கூட்டில் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்து வகையைத் தேர்ந்தெடுப்பது. இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியும். தவறி இரண்டு முறை போட்டால் வழிந்துவிடும்.

எச்சரிக்கைக் கருவி: ஒரே கைப்பிடியில் எல்லா வேலையும் நடக்கும் ‘புரோகிரசிவ் பிரஸ்’ மெஷினில், மருந்தின் உயரம் மாறினால் ஒலி எழுப்பும் கருவியைப் பொருத்தலாம்.

நின்றால் முதலிலிருந்து: வேலை தடைபட்டால், மெஷினில் இருக்கும் கூடுகளை எடுத்துச் சரிபார்த்த பிறகே தொடர வேண்டும். ‘இதுல போட்டுட்டேன்னு நினைக்கிறேன்’ என்பதற்கு இங்கே இடமில்லை.

தயாரான தோட்டாவை எடை போட்டுக் கண்டுபிடிக்க முடியாதா? கைத்துப்பாக்கித் தோட்டாவில் அதை நம்ப முடியாது. கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு எடை கொஞ்சம் மாறும். அந்த வித்தியாசமே மருந்தின் எடைக்கு ஈடாகிவிடலாம்.

அதையும் மீறி நடந்துவிட்டால்?

‘டப்’னு மந்தமான சத்தம், வழக்கத்தைவிடக் குறைவான உதைப்பு, இலக்கில் துளை இல்லை. இதில் எது நடந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். இங்கேதான் பயிற்சியே எதிரியாகிறது. ஆட்டோமேட்டிக் வகைக் கைத்துப்பாக்கி ஸ்குவிப்பில் பல நேரம் பழைய கூட்டை வெளியே தள்ளாது. ‘சிக்கினால் ஸ்லைடை இழு, மறுபடி சுடு’ என்று பழகியவர்களின் கை, யோசிப்பதற்குள் அதையே செய்துவிடும். ரிவால்வரில் அந்தத் தடங்கல்கூட இல்லாமல் போகலாம். விசையை அழுத்தினால் அடுத்த தோட்டா வந்து நிற்கும்.

முறை இதுதான்: குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் வாய்ப்பும் உண்டு என்பதால் இந்த இடைவெளி. பிறகு எல்லாத் தோட்டாவையும் அகற்றி, குழலில் வெளிச்சம் ஊடுருவுகிறதா எனப் பார்க்க வேண்டும். அடைப்பு இருந்தால் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்கலாம். தெரியாதவர்கள் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. இன்னொரு தோட்டாவால் சுட்டு வெளியேற்ற ஒருபோதும் முயலக் கூடாது.

நம்ம ஊர்ல?

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால் இது இங்கே வீட்டில் முயன்று பார்க்கும் பொழுதுபோக்கு அல்ல. ஆனால் ரைஃபிள் கிளப்பில் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம் பொருந்தும். தொழிற்சாலைத் தோட்டாவிலும் அபூர்வமாக ஸ்குவிப் வரலாம். சத்தம் வித்தியாசமாக இருந்தால் கூச்சப்படாமல் நிறுத்துங்க, பயிற்சியாளரைக் கூப்பிடுங்க.

வில்மிங்டனில் பிளாங்க் தோட்டாவைப் போடும் முன் யாராவது ஒருவர் குழலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்திருந்தால், உள்ளே நின்ற குண்டு தெரிந்திருக்கும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.