தொங்கும்போது தொடை ஏன் மரத்துப்போகிறது?

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் கள் இறக்கியவர்கள் காலில் தளை மாட்டித் தென்னை ஏறினார்கள். பாரமெல்லாம் கைக்கும் பாதத்துக்கும்தான். இன்று ஈப்போ அருகே கிராமாட் பூலாய் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறுபவர்களும், உயர்ந்த மரங்களில் கிளை கழிப்பவர்களும் ஹார்னஸ் என்னும் வார்ச் சேணத்தில் அமர்ந்து தொங்குகிறார்கள். பாரம் இடுப்புக்கும் தொடைக்கும் இடம் மாறிவிட்டது.

70 கிலோ எடையுள்ளவர் தொங்கினால் வார்கள் தாங்குவது ஏறத்தாழ 690 நியூட்டன் விசை. அது குறையாது, அது பரவும் பரப்பைத்தான் கூட்டலாம். 5 செ.மீ. வார் 10 செ.மீ. அகலமானால் அழுத்தம் பாதியாகும். மணிக்கணக்கில் மரத்தில் இருப்பவரின் சேணம், பாறை ஏறுபவருடையதைவிட அகலமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் சேணத்தின் வாருக்குள் வைக்கும் பஞ்சைவிட அளவுப் பொருத்தமே முக்கியம் என்பேன். இடுப்புவார் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இருக்கவேண்டும். தளர்ந்தால் விலாவுக்கு ஏறி மூச்சை நெருக்கும். தவறான இடத்தில் இறுகினாலோ, இடுப்பெலும்பின் முன்முனை அருகே தொடைக்கு இறங்கும் நரம்பு நசுங்கும். தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவது அப்படித்தான்.

அசையாமல் தொங்குவது இன்னும் ஆபத்து. கால் தசைகள் சுருங்கி விரிந்தால்தான் இரத்தம் மேலே ஏறும்; இல்லாவிட்டால் கால்களிலேயே தேங்கி மயக்கம் வரும். அடிக்கடி மரத்தில் கால் ஊன்றி உதையுங்கள்.

சேணம் வாங்கும்போது, கடையில் நின்றபடி மாட்டிப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கால் மணி நேரம் தொங்கிப் பாருங்கள்.