கடைக்கு முன்மேசை உண்டு, கணினிக்கு உண்டா?

அச்சுவேலியில் வெங்காயம் வாங்கி கொழும்பு புறக்கோட்டைக்கு அனுப்பும் நண்பர் ஒருவர், கையிருப்பையும் அன்றைய விலையையும் இணையத்தில் போட்டு வந்தார். அதே கணினியில்தான் கடன் கணக்கும் இருந்தது. ஒருநாள் கணினி வேலை தெரிந்த பிள்ளை ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நானா, விலைப்பலகையைக் காட்டப் போய் இரும்புப் பெட்டியையும் தெருவில் வைத்திருக்கிறீர்களே?"

கணக்கு மென்பொருள் நேரடியாக இணையத்துக்குத் திறந்திருந்தது. யாரும் உள்ளே வந்து கடவுச்சொல்லைத் தட்டிப் பார்க்கலாம். வாடிக்கையாளரின் கடன் கணக்கு நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா?

இதற்கான மருந்துதான் 'ரிவேர்ஸ் புரொக்சி'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மொத்தக் கடையில் வாங்க வருபவர் ஸ்டோருக்குள் போவதில்லை. முன்மேசையில் துண்டைக் கொடுக்கிறார். நமது ஆள் உள்ளே போய்ச் சாமானை எடுத்து வந்து கொடுக்கிறார். வாங்குபவர் சார்பில் சந்தைக்குப் போகும் ஆள் சாதாரண புரொக்சி. விற்பவர் சார்பில் வாசலில் நிற்கும் ஆள் ரிவேர்ஸ் புரொக்சி.

இந்த வேலைக்குப் பலரும் பயன்படுத்துவது 'என்ஜின்எக்ஸ்' என்ற மென்பொருள். ரஷ்யரான இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்டார். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்தாலும் தடுமாறாமல் இருக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். அதன் பொதுப் பதிப்பு இலவசம்.

அமைக்கும் முறை இதுதான். முதலாவது, உள்ளே இருக்கும் மென்பொருளை 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் கேட்கும்படி மாற்ற வேண்டும். அது அந்தக் கணினி தன்னோடு தானே பேசும் முகவரி, வெளியாருக்கு எட்டாது. இரண்டாவது, என்ஜின்எக்ஸை 80, 443 ஆகிய இரண்டு வாசல்களிலும் நிறுத்தி, வரும் கேள்வியை எந்த உள்வாசலுக்கு அனுப்புவது என்று அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். விலைப் பக்கத்துக்கு மட்டும் வழி விட்டு, கணக்குப் பக்கத்துக்கு வழியே எழுதாமல் விடலாம். மூன்றாவது, வந்தவரின் உண்மை முகவரியையும் உள்ளே அனுப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பதிவேட்டில் எல்லோரும் ஒரே ஆளாகவே தெரிவார்கள். நான்காவது, 443 வாசலுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ். 'லெட்ஸ் என்கிரிப்ட்' 2015 முதல் இதை இலவசமாகத் தருகிறது. காலம் முடியுமுன் தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். கடைசியாக, தேவையற்ற மற்ற வாசல்களை ஃபயர்வோலால் மூட வேண்டும்.

பின்னர் திரையில் '502' என்று வந்தால் பதற வேண்டாம். முன்மேசை ஆள் நிற்கிறார், ஸ்டோரிலிருந்து சரியான பதில் வரவில்லை என்பதே பொருள். உள் மென்பொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். முன்மேசை போட்டுவிட்டால் ஸ்டோர் கூரை ஒழுகாது என்றில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டு, சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் பாதிக்கப்பட்டன. மென்பொருள் பழையது, அந்த மாதங்களுக்குத் தனிப் பிரதியும் இல்லை. அரசுக்கே இந்த நிலை என்றால் நம் கடைக்கு?

ஆகவே உங்கள் கணினிக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெளியிலிருந்து எத்தனை வாசல் திறந்திருக்கிறது? மென்பொருளை எப்போது புதுப்பித்தாய்? கணக்கின் பிரதி வேறு எங்கே இருக்கிறது? மூன்றுக்கும் உடனே பதில் வராவிட்டால், இன்று கடை பூட்டுமுன் அந்த வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.