பழைய மோட்டார் வண்டியின் டிரம் பிரேக்

மும்பையில் சயான் ரயில் நிலையத்திற்கு அடுத்த நிலையம் குர்லா. அங்கிருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவான பியட் 1100 காரும், அதன் வழிவந்த பிரீமியர் பத்மினியும் நெடுங்காலம் அந்நகரின் டாக்சிகளாக ஓடின. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 20 ஆண்டு வயது வரம்பை எட்டி 2023 அக்டோபரில் விடைபெற்றது. எனினும் ஆர்வலர்கள் பேணிவரும் சொந்த வண்டிகள் இன்னும் உள. மழைக்காலத்தில் சயான் சாலைகளில் நீர் தேங்கும்பொழுது இவற்றின் பிரேக்குகள் கடுஞ்சோதனைக்கு உள்ளாகின்றன. டிரம்மினுள் புகுந்த நீர் எளிதில் வடிவதில்லை. நீரைக் கடந்தபின் பெடலை இலேசாக அழுத்தியவாறு சற்றுத் தூரம் மெதுவாக ஓட்டினால், உராய்வின் வெப்பத்தால் லைனிங் உலர்ந்துவிடும்.

டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம். அதனுள் பிறை வடிவான இரண்டு ஷூக்கள் அமைந்துள்ளன. பெடலை அழுத்தியதும் பிரேக் ஆயிலின் அழுத்தம் சக்கரச் சிலிண்டரின் பிஸ்டன்களைத் தள்ள, ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பற்றுகின்றன. ஒரே சிலிண்டர் இரு ஷூக்களையும் தள்ளும் அமைப்பில், சுழற்சித் திசையை நோக்கி விரியும் ஷூவை டிரம்மே மேலும் உள்ளிழுத்துக் கொள்கிறது. மற்றதை விலக்கித் தள்ளுகிறது. ஆகவே முன்னதன் லைனிங் விரைவில் தேய்வது இயல்பே.

பிரித்து மாட்டும்பொழுது ஒரு சக்கரத்தை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுதல் நலம். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற ஐயம் எழுந்தால், பிரிக்காத சக்கரமே விடை கூறும். டிரம்மினுள் படிந்துள்ள தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ அகற்றுதல் கூடவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயை விளைவிக்க வல்லவை. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

புதிய ஷூ போட்டும் பிரேக் பிடிக்கவில்லை என்பது பட்டறைகளில் அடிக்கடி எழும் முறையீடு. பெரும்பாலும் குற்றம் ஷூவினுடையதன்று, வளைவுப் பொருத்தத்தினுடையது. லேத்தில் கடைந்த டிரம்மின் உள்விட்டம் பெருத்திருக்கும். பழைய அளவு லைனிங் அதில் நடுப்பகுதியில் மட்டுமே படியும். லைனிங்கின்மேல் குறுக்காகச் சாக்கட்டிக் கோடுகள் இட்டு, டிரம்மை மாட்டிச் சுழற்றி, இலேசாகப் பிரேக் பிடித்துக் கழற்றிப் பார்த்தால், கோடு அழிந்த இடமே படியும் இடம் எனத் தெரியும். மாறாக, லைனிங்கின் முனைகள் மட்டும் படிந்தால் பிரேக் வெடுக்கெனப் பற்றும், கிரீச்சிடும்.

பின்னர் கைப்பிரேக்கை முற்றிலும் தளர்த்திவிட்டு, சக்கரம் இறுகும்வரை அட்ஜஸ்டரைத் திருகி, தடையின்றிச் சுழலும் அளவிற்குத் திரும்பத் தளர்த்த வேண்டும். இடையே பெடலை ஓரிரு முறை அழுத்தினால் ஷூக்கள் தம் இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்றுப் புகுந்துள்ளது. ஆழமாக இறங்கினும் மறுமுறை மிதிக்கையில் உயர்ந்து உறுதியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்மிற்கும் இடைவெளி மிகுந்துள்ளது. மிதிக்குந்தோறும் பெடல் அதிர்ந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். வண்டி ஒரு புறம் இழுத்தலே மிக அபாயமானது. ஈரச்சாலையில் வண்டியையே திருப்பிவிடும். ஒரு பக்க லைனிங்கில் கிரீசோ, கசிந்த பிரேக் ஆயிலோ ஊறியிருத்தல் இதன் முக்கியக் காரணம். ஊறிய லைனிங்கை பெட்ரோலில் கழுவிப் பயனில்லை. சூடேறியதும் எண்ணெய் மீண்டும் மேலே வரும். கசிவை நிறுத்தியபின், அதே அச்சின் இரு சக்கரங்களிலும் புதிய லைனிங் இடுவதே முறை.

பிரேக் ஆயில் என வழங்கினும் அது எஞ்சின் எண்ணெயைப் போன்றதன்று. அவசரத்திற்கு எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் உப்பி, பிரேக் விடுபடாமல் இறுகிவிடும்.