பயோடேட்டாவில் சொன்ன பொய்: சரிபார்க்க வரும்போது என்ன செய்வது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் டைப் செய்யப்படுவது எது தெரியுமா? பெரும்பாலும் யாராவது ஒருவருடைய பயோடேட்டா தான். மகனுக்கு, மருமகளுக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்று கேட்டு வருவார்கள். நீங்களும் வேர்டைத் திறந்து டைப் செய்து கொடுப்பீர்கள். அப்படி டைப் செய்யும்போது நான் செய்த ஒரு தவறையும், அதைத் திருத்திய விதத்தையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

ஈரோட்டுப் பக்கம் சிறிய டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். 2022-ம் ஆண்டு, எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு தம்பி பயோடேட்டாவைச் சரி செய்ய வந்தார். முதல் கம்பெனியில் 2016 ஜூலை முதல் 2017 செப்டம்பர் வரை வேலை. அடுத்த கம்பெனியில் 2018 ஜூன் முதல் வேலை. நடுவில் எட்டு மாதம் காலி. பேங்க் பரீட்சைக்காக வீட்டில் உட்கார்ந்து படித்தாராம். பாஸ் ஆகவில்லை.

"தம்பி, நடுவுல எட்டு மாசம் இடிக்குதே. முதல் கம்பெனியை 2018 மே வரைக்கும்னு போட்டுடலாமா? மொத்தம் ஆறு வருஷம் ஆயிடும்" என்று கேட்டது அவரல்ல, நான் தான். அவர் தயங்கிவிட்டு, "சரிங்கண்ணா" என்றார். பழைய தேதியை அழித்துப் புதிய தேதியை டைப் செய்ய மூன்று வினாடி கூட ஆகவில்லை.

இன்டர்வியூ நன்றாக நடந்தது. ஆறு வருட அனுபவத்திற்குரிய பதவி, நல்ல சம்பளம். பழைய கம்பெனியில் ராஜினாமாவும் கொடுத்துவிட்டார். அதன் பிறகு ஒரு நாள் மாலை செல்போனைக் கையில் பிடித்தபடி கடைக்கு ஓடி வந்தார். "அண்ணா, வெரிபிகேஷன்னு ஒரு மெயில் வந்திருக்குதுங்க. மூணு நாளைக்குள்ள பார்ம் நிரப்பணுமாம்" என்றார்.

சரிபார்ப்பு எப்படி நடக்கிறது?

பெரிய கம்பெனிகள் இந்த வேலையைத் தாங்களே செய்வதில்லை. இதற்கென்றே இருக்கும் நிறுவனங்களிடம் ஒப்படைத்து விடுகின்றன. அவர்கள் உங்களுக்கு மெயிலில் ஒரு லிங்க் அனுப்புவார்கள். அதைக் கிளிக் செய்தால் பார்ம் திறக்கும். படிப்பு, வேலை பார்த்த இடங்கள், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, முகவரி எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். விலகல் கடிதத்தையும் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து அப்லோட் செய்ய வேண்டும். "இவற்றைச் சரிபார்க்கச் சம்மதிக்கிறேன்" என்று ஒப்புதலும் தர வேண்டும்.

பிறகு அவர்கள் பழைய கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்பார்கள். எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார், என்ன பதவி, ஏன் விலகினார், மறுபடி வந்தால் சேர்த்துக் கொள்வீர்களா என்றெல்லாம் கேள்விகள் போகும். பல்கலைக்கழகத்திற்குப் பதிவு எண்ணை அனுப்பிப் பட்டம் உண்மைதானா என்று விசாரிப்பார்கள். வரும் பதில்களை நீங்கள் எழுதியதோடு ஒப்பிட்டு அறிக்கை தயாரிப்பார்கள். பெரும்பாலும் டிராபிக் சிக்னல் போலத்தான் இருக்கும். பொருந்தினால் பச்சை, சிறு வித்தியாசம் இருந்தாலோ பதில் கிடைக்காவிட்டாலோ ஆம்பர், பெரிய முரண்பாடு என்றால் சிவப்பு.

வேலை உத்தரவுக் கடிதத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சரிபார்ப்பு திருப்தியாக முடிந்தால்தான் வேலை என்றும், பொய்த் தகவல் என்று பின்னால் தெரிந்தாலும் வேலையிலிருந்து நீக்கலாம் என்றும் ஒரு பத்தி அதில் பெரும்பாலும் இருக்கும். ஆகவே, சேர்ந்த பிறகு தப்பித்துக் கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் தேதிகளை நீங்களே பார்க்கலாம்

அந்தத் தம்பி, "பழைய கம்பெனியில யாரும் பதில் போட மாட்டாங்கண்ணா, விட்டுடலாமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் கம்ப்யூட்டரில் பி.எப். தளத்தைத் திறந்து, அவரையே லாக் இன் செய்யச் சொன்னேன்.

பி.எப். பிடித்தம் உள்ள எல்லோருக்கும் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் உண்டு. 2014-ல் இது வந்தது. கம்பெனி மாறினாலும் எண் மாறாது. தளத்தில் லாக் இன் செய்து 'வியூ' மெனுவில் 'சர்வீஸ் ஹிஸ்டரி' என்பதைக் கிளிக் செய்தால், நீங்கள் வேலை பார்த்த கம்பெனிகளும் சேர்ந்த, விலகிய தேதிகளும் வரிசையாக வரும். (தளத்தை மாற்றியமைக்கும்போது மெனுக்கள் இடம் மாறலாம். தேடிப் பாருங்கள்.) பாஸ்புக்கில் மாதா மாதம் கட்டிய தொகையும் இருக்கும். தம்பியின் கணக்கில் முதல் கம்பெனி 2017 செப்டம்பரோடு நின்றிருந்தது. சரிபார்க்கும் நிறுவனம் கேட்ட முதல் எண்ணே இந்த யு.ஏ.என். தான்!

இதே போல, சம்பளத்தில் வருமான வரி பிடித்திருந்தால் வருமான வரித் தளத்தில் படிவம் 26 ஏ.எஸ்-ஐப் பார்க்கலாம். எந்த நிறுவனம் எந்தத் தேதியில் வரி பிடித்தது என்று அதில் இருக்கும். மதிப்பெண் பட்டியல், பட்டம் போன்றவற்றை 2015-ல் அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் பெறலாம். உங்கள் போர்டோ பல்கலைக்கழகமோ அதில் இணைந்திருக்க வேண்டும்.

பைலும் பேசும்

விலகல் கடிதத்தை ஸ்கேன் செய்து, போட்டோ எடிட்டிங் சாப்ட்வேரில் தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லி என் கடைக்கு வந்தவர்களும் உண்டு. முடியாது என்று அனுப்பி விடுவேன். ஏன் என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு பி.டி.எப். பைலை அடோப் ரீடரில் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்துங்கள். சிறிய விண்டோ ஒன்று வரும். பைல் எப்போது உருவானது, எப்போது மாற்றப்பட்டது, எந்த சாப்ட்வேரில் தயாரானது என்ற விவரங்கள் அதில் இருக்கும். 2017-ல் கொடுத்த கடிதம் போட்டோ எடிட்டரில் போன வாரம் மாற்றப்பட்டதாகக் காட்டினால் யார் நம்புவார்கள்? இந்த விவரத்தை அழித்துவிட்டாலும் பயனில்லை. பழைய கம்பெனியிடம் அசல் இருக்கிறதே!

இன்னொன்றையும் கவனியுங்கள். பயோடேட்டாவில் தேதியை நீட்டுவது ஏமாற்று. வேலை போகும். கடிதத்தையே மாற்றுவது போலி ஆவணம். அது குற்ற வழக்கு வரை போகும். பணம் வாங்கிக் கொண்டு அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடமும் போகாதீர்கள்.

அன்று நாங்கள் செய்தது

தம்பிக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பார்மிலும் பொய்த் தேதியையே எழுதுவது ஒன்று. பார்மில் மட்டும் உண்மையை எழுதிவிட்டுச் சும்மா இருப்பது மற்றொன்று. இரண்டாவது வழி நல்லது போலத் தெரியும். ஆனால் பயோடேட்டாவில் ஒன்று, பார்மில் ஒன்று என்று இருந்தால் கண்டுபிடிக்கப் போவது அவர்கள்தான். அவர்கள் கேட்டு நாம் சொன்னால் அது சமாளிப்பு. கேட்கும் முன் நாமே சொன்னால் அது திருத்தம்.

எனவே மூன்றாவதாக ஒன்று செய்தோம். பார்மை நிரப்பும் முன்பே, வேலை கொடுத்த கம்பெனியின் மனிதவள அதிகாரிக்கு மெயில் எழுதினோம். எளிய ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இதுதான்: "என் பயோடேட்டாவில் முதல் வேலை 2018 மே வரை என்று உள்ளது. அது தவறு. 2017 செப்டம்பரில் விலகினேன். பிறகு எட்டு மாதம் போட்டித் தேர்வுக்குப் படித்தேன். அந்த இடைவெளியை மறைக்கவே அப்படி எழுதினேன். மன்னிக்க வேண்டும். திருத்திய பயோடேட்டாவும் விலகல் கடிதமும் இணைத்துள்ளேன். சரிபார்ப்புப் பார்மில் சரியான தேதியையே தருகிறேன்."

டைப்பிங் தவறு என்று எழுதலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் திருத்த முடியாது. கடையில் டைப் செய்தவர் மாற்றினார் என்று என்மேல் போடச் சொன்னேன். "கையெழுத்து என்னுதுங்கண்ணா" என்று மறுத்துவிட்டார்.

நான்கு நாள் பதிலே இல்லை. பழைய வேலையை விட்டாகிவிட்டது, புதிய வேலை உறுதியில்லை. அந்த நான்கு நாளும் அவர் அம்மா என் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் மானிட்டரைப் பார்த்துக் கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் போன் வந்தது. ஆறு வருட அனுபவத்திற்குரிய பதவி கிடையாது, ஒரு படி கீழே, சம்பளமும் குறைவு, சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதித்துச் சேர்ந்தார்.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். உத்தரவையே ரத்து செய்யவும் கம்பெனிக்கு உரிமை உண்டு. அப்படி ரத்தானாலும், வேலையில் சேர்ந்து ஒரு வருடம் கழித்து நீக்கப்படுவதை விட அது மேல்.

பெரிய பதவியில் இருப்பவர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். 2012 ஜனவரியில் யாஹூ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனவர் ஸ்காட் தாம்சன். அதற்கு முன் பேபால் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். அவரைப் பற்றிய குறிப்பில் கணக்கியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டிலும் பட்டம் பெற்றவர் என்று இருந்தது. உண்மையில் கணக்கியல் பட்டம் மட்டுமே. யாஹூவின் பங்குதாரர் ஒருவர் மே மாதம் இதை வெளியிட்டார். அதே மாதம் தாம்சன் பதவி விலகினார். அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை. தம்பிக்கும் அந்த எட்டு மாதம் தேவைப்படவில்லை. ஐந்து வருடத்திற்கு மேல் அனுபவம் கையில் இருந்ததே!

பொய் சொல்லாதவர்களும் கவனியுங்கள்

நேர்மையாக எழுதியவருக்கும் ஆம்பர் விழலாம். அதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள்.

ஒன்று, பழைய கம்பெனி பி.எப். கணக்கில் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருக்கும். பார்ப்பவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தது போலத் தெரியும். விலகி இரண்டு மாதம் ஆனபின் 'மேனேஜ்' மெனுவில் 'மார்க் எக்ஸிட்' மூலம் நீங்களே தேதியைப் பதியலாம்.

இரண்டு, நம் ஊர் இனிஷியல். சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். எல்லாம் ஒருவர்தான் என்று பார்மின் குறிப்புக் கட்டத்தில் முன்கூட்டியே எழுதி விடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் இன்றே 'வேலை' என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். சேர்ந்த கடிதம், விலகல் கடிதம், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில் போடுங்கள். பயோடேட்டாவில் தேதிகளை ஞாபகத்திலிருந்து டைப் செய்யாமல், இந்தக் கடிதங்களைப் பார்த்து டைப் செய்யுங்கள். இடைவெளி இருந்தால் "2017 அக்டோபர் – 2018 மே: போட்டித் தேர்வுக்குப் படித்தேன்" என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

இப்போது என் கடையில் யார் பயோடேட்டா டைப் செய்ய வந்தாலும், கடிதங்களை மேஜையில் வைத்தால்தான் தேதி போடுகிறேன். சிலர் கோபித்துக் கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும். அந்தத் தம்பி மட்டும் ஊருக்கு வரும்போதெல்லாம் பார்த்து விட்டுப் போகிறார். போன தடவை தன் தங்கையின் பயோடேட்டாவைக் கொண்டு வந்திருந்தார். கடிதங்களையும் கையோடு எடுத்து வந்திருந்தார்.