பிறந்தகம் கைவிட்ட வண்டிகள்

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் குளங்களைப் பற்றி எழுதுவர். பண்டார வன்னியனைப் பற்றி எழுதுவர். காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்றங்களைப் பற்றி எழுதுவர். இந்நிலத்தின் செம்மண் தெருக்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடித் தேய்ந்த மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதினாரை நான் கண்டதில்லை. ஆயினும் அவ்வண்டிகளின் கதையிலே ஒரு பேரரசின் பெருந்தொழில் எழுந்ததும் வீழ்ந்ததும் அடங்கியிருக்கின்றன. நம்மவர் கைத்திறன் ஒன்றின் வரலாறும் அதனுள்ளே புதைந்து கிடக்கின்றது.

கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய ஊர்களின் சந்திகளில் ஒரு காலத்தில் வாடகைக்கு நின்ற கார்களை மூத்தோர் மறந்திரார். ஒஸ்ரின் ஏ 40 சோமசெற், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்பன அவற்றின் பெயர்கள். பேறுகாலத்துப் பெண்ணை ஆசுப்பத்திரிக்குக் கொண்டோடியதும் அவையே. மணமக்களை ஊர்வலமாக அழைத்து வந்ததும் அவையே. கண்டி வீதியிலே முறிகண்டிப் பிள்ளையார் முன் நின்று, தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்திய பின்னரே அவை அப்பாற் செல்லும். 1957இல் வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுந்து, அடுத்த ஆண்டிலே பெருங் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. அதற்கு முன் வந்த வண்டிகளோ ஆங்கில எழுத்துத் தாங்கிய பழைய தகடுகளோடேயே இறுதிவரை ஓடின.

இவ்வண்டிகள் பிறந்த இடம் இங்கிலாந்து. ஒக்ஸ்போட் நகரிலே துவிச்சக்கர வண்டி திருத்திப் பிழைத்த வில்லியம் மொறிஸ் என்பவர் 1913இல் தமது முதற் காரை விற்பனைக்கு விட்டார். பேர்மிங்காமுக்கு அணித்தான லோங்பிறிட்ஜ் என்னுமிடத்தில் ஹேபேட் ஒஸ்ரின் 1905இலேயே தொழிற்சாலை தொடங்கியிருந்தார். போட்டியாளராயிருந்த இவ்விரு நிறுவனங்களும் 1952இல் ஒன்றாகிப் பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டு அரசாங்கம், ஏற்றுமதி செய்வோருக்கே உருக்கு என்று விதித்தது. போரினால் நொந்த ஏனைய நாடுகள் எழுந்து நிற்குமுன் பிரித்தானிய வண்டிகள் கடல் கடந்து சென்றன. 1950ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏற்றுமதியான மோட்டார் வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை அந்தச் சிறு தீவிலே செய்யப்பட்டவை. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் பத்து இலட்சம் என்னும் எல்லையைக் கடந்த முதற் பிரித்தானியக் காராயிற்று.

இத்துணை உயரத்திலிருந்தோர் வீழ்ந்தமைக்குக் காரணம் யாது? வாங்குவோர் வரிசையில் நின்ற காலத்திலே அவர்கள் வண்டியின் தரத்தைச் செம்மை செய்யவில்லை. பழைய பொறிகளைக் கொண்டே பழைய முறையில் உற்பத்தி செய்தனர். ஒரே வண்டியை இரண்டு மூன்று பெயரிட்டுத் தமக்குள்ளேயே போட்டியிட்டனர். நிருவாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையே ஓயாத பூசல். 1959இல் வந்த ‘மினி’ உலகமெல்லாம் கொண்டாடிய வண்டி. ஆனால் அதனை அவ்விலைக்கு விற்பதனால் நட்டமே உண்டாகும் என்று போட்டி நிறுவனமான போட் அதனைக் கழற்றிப் பார்த்துக் கணக்கிட்ட செய்தி பிரசித்தமானது. 1968இல் பிரித்தானிய லேலண்ட் என்னும் பெருங் கம்பனிக்குள் எல்லாம் திரட்டப்பட்டன. 1975இல் அது முறியும் நிலைக்கு வரவே அரசாங்கம் பொறுப்பேற்றது. யப்பானிய வண்டிகள் உள்நாட்டுச் சந்தையில் ஏறத்தாழ 11 சதவீதத்துக்கு மேற்போகாதவாறு உடன்பாடு செய்தும் வீழ்ச்சி நிற்கவில்லை. கைமாறிக் கைமாறி எஞ்சிய நிறுவனம் 2005ஆம் ஆண்டு ஏப்பிரலில் முறிந்தபோது ஏறத்தாழ 6,000 தொழிலாளர் வேலையிழந்தனர். நூறாண்டுகள் இயங்கிய லோங்பிறிட்ஜ் ஆலை ஓய்ந்தது.

இவ்விடத்திலே மாணவர்கள் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. யப்பானின் நிசான் நிறுவனம் 1952இல் ஒஸ்ரின் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தஞ் செய்து, ஏ 40 சோமசெற் காரையும் அதன்பின் ஏ 50 கேம்பிறிட்ஜ் காரையும் தன் நாட்டிலே பொருத்தியது. கிளிநொச்சிச் சந்தியில் நின்ற அதே வண்டிகள்! முதலில் உறுப்புக்கள் இங்கிலாந்திலிருந்து சென்றன. சில ஆண்டுகளில் அவற்றையெல்லாம் யப்பானியரே செய்யலாயினர். மாணாக்கன் பாடத்தைக் கற்றான். ஆசிரியர் பாடத்தை மறந்தார். 1986இல் அதே நிசான் நிறுவனம் இங்கிலாந்தின் சண்டலாந்து நகரிலே தொழிற்சாலை திறந்து ஆங்கிலத் தொழிலாளருக்கு வேலை கொடுத்தது. நாமும் அதே வண்டியைத்தான் வாங்கினோம். ஆனால் வாங்கியதோடு நின்றோம். வாங்குவதற்கும் கற்பதற்கும் உள்ள தூரம் இதுவே.

நிற்க. இலங்கையிலே 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினாற் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த வண்டிகளையே பேண வேண்டிய கட்டாயம் பிறந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் யப்பானிய வண்டிகள் பெருகின. தென்னிலங்கை அவற்றுக்கு மாறிற்று. வடபுலத்திலோ போர் குறுக்கிட்டது. 1990ஆம் ஆண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டபின் பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல் இல்லை, மின்கலங்கள் இல்லை, உதிரிப் பாகங்கள் இல்லை. அப்பொழுதுதான், பிறந்தகத்திலே பழைய இரும்பாகிவிட்ட ஒஸ்ரினும் மொறிசும் இங்கே புத்துயிர் பெற்றன.

அவை மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்கு ஊட்டி இயந்திரத்தை முடுக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகையும் நெடியும் வீதியை நிறைக்கும். மின்கலம் வலுவிழந்தால் முன்புறத்துத் துளையிலே கைபிடியைச் செலுத்திச் சுழற்றுவர். இதன் நுட்பம் எளியது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆதலின் இயந்திரம் முதலிற் சூடேற வேண்டும். அழுத்தம் மிகுந்தால் அது தன்னிலேயே வெடித்து உலக்கையைத் தாக்கும். பழைய பிரித்தானிய இயந்திரங்களில் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவினது, அவை பொறுத்துக்கொண்டன. அழுத்தம் மிகுந்த புதிய இயந்திரங்கள் அவ்வாறு பொறுப்பனவல்ல. மேலும் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதனை அறிந்து எண்ணெயை அடிக்கடி மாற்றியவனின் வண்டியே நீடித்தது.

இதனை நம்மவரின் வறுமைக்கால உபாயம் என்று எண்ணுவார் பலர். ஆனால் 1949 முதல் இங்கிலாந்தின் கொவன்றியிலே செய்யப்பட்ட பேகுசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இவ்வாறே அமைக்கப்பட்டிருந்தது. பெற்றோலில் முடுக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்றதொரு மலிவான எரிபொருளுக்கு மாற்றுவது அங்கத்தைய உழவரின் அன்றாட வழக்கம். அந்நாட்டார் கைவிட்ட அறிவை, நூலறிவு வாய்க்காத நம் கராச்சுக்காரர் தம் கையாலே மீண்டும் கண்டுபிடித்தனர்.

1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி ஆகிய இடங்களை நோக்கிச் சென்ற மக்களிடையே நானும் ஒருவன். உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல் மூட்டையும் கூரைத் தகரமும் ஏறின. நடக்கவியலாத முதியோர் அத்தகைய பழங்கார்களில் ஏறினர். மரநிழலிலே ஒரு சாக்கை விரித்துக் கியர்ப் பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருவரிடம், இதற்கு உதிரிப்பாகம் எங்கே பெறுவீர்கள் என்று வினவினேன். “சேர், ஒஸ்ரினுக்கும் மொறிசுக்கும் ஒரே இஞ்சின்தான், ஒன்று செத்தால் மற்றது வாழும்” என்றார். அவர் கூறியது முழு உண்மை. கேம்பிறிட்ஜுக்கும் மொறிஸ் ஒக்ஸ்போட்டுக்கும் இயந்திரம் ஒன்றே. கம்பனிகள் இணைந்த வரலாற்றை அவர் ஏட்டிற் படித்தாரல்லர், திருகாணிகளிற் படித்தார்.

2002இல் போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்தது. யப்பானிய ‘வான்’களும் இந்திய மோட்டார் சைக்கிள்களும் வன்னிக்குள் வந்தன. 2006இல் வீதி மூடுண்டது. 2009இலே புதுக்குடியிருப்பு முதல் முள்ளிவாய்க்கால் வரை மக்கள் விட்டுச்சென்ற வாகனங்கள் எரிந்தும் துருவேறியும் குவிந்து கிடந்தன. வண்டிகளை மட்டும் எண்ணி வருந்தும் காலமல்ல அது. எனினும் அக்குவியலிலே ஒரு தலைமுறையின் சேமிப்பும் உழைப்பும் இருந்தன என்பதை மறத்தலாகாது.

இன்று வன்னித் தெருக்களில் ஓடுவன யாவை? ரயரின் மேல் நின்று வயலுழும் இருசக்கர உழவு இயந்திரத்தை நம் விவசாயி ‘லான்ட்மாஸ்ரர்’ என்கிறான். அது ஓர் ஆங்கிலக் கம்பனியின் பெயர். கம்பனி மறைந்தது, சீனத்திலும் யப்பானிலும் செய்த பொறிகள் அப்பெயரைச் சுமக்கின்றன. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பேகுசன் இயந்திரங்களை ஈன்ற கொவன்றி ஆலையிலே 2002ஆம் ஆண்டின் இறுதியிற் கடைசி இயந்திரம் வெளிவந்தது. அதன் வழித்தோன்றல்களைச் சென்னையின் டாபே நிறுவனம் செய்கின்றது. எண்ணூரில் 1948இல் தொடங்கி ஒஸ்ரின் கார்களைப் பொருத்திய அசோக் மோட்டார்சே பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. இங்கிலாந்திலே லேலண்ட் பேருந்துகள் நின்றுபோயின, எண்ணூரில் அப்பெயர் வாழ்கின்றது. ஜாகுவாரையும் லான்ட் றோவரையும் 2008இல் டாடா நிறுவனம் வாங்கியது. நம் தீவிலுங்கூட, காலியிலே மொறிஸ் மைனருக்கான உதிரித் தகடுகளைச் செய்து 1990களில் இங்கிலாந்துக்கே அனுப்பிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஆகவே, நம்மால் இயலாது என்ற வாதம் செல்லாது.

ஆனால் வன்னியின் நிலை என்ன? போர் முடிந்ததும் தவணைக் கடனில் வாகனங்கள் பெருகின. நெல் விலை சரிந்த போகத்திலே தவணை தவறி வண்டியையும் கட்டிய பணத்தையும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. 2020 பங்குனியில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றது. தனியார் வாகன இறக்குமதிக்கு 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்திற் பழைய வண்டிக்கும் அதனைத் திருத்த வல்லவனுக்கும் மதிப்பு உயர்ந்ததை எல்லோரும் கண்டோம். இறக்குமதி என்பது கப்பலில் வருவது. கப்பல் எந்நேரமும் நிற்கலாம். நாட்டிலே நிற்பது கற்ற கை ஒன்றே.

அக்கைகள் இன்று மூப்படைகின்றன. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மெக்கானிக்குகளிற் பலர் போரில் மாண்டனர், பலர் புலம்பெயர்ந்தனர், எஞ்சியோர் முதுமையடைந்துவிட்டனர். அவர்களுடைய அறிவு ஒரு பக்கமேனும் எழுதப்படவில்லையாயின் இன்னும் சில ஆண்டுகளில் அது அவர்களோடு மறையும். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் இயங்குகின்றது. 2016 முதல் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்திலே மோட்டார்த் தொழிலும் கற்பிக்கப்படுகின்றது. அந்நிறுவனங்களின் மாணாக்கர் தம் ஊர்க் கராச்சுகளுக்குச் சென்று, முதியவர்களிடம் கேட்டு, எவ்வுறுப்புக்கு எதனை மாற்றினர், எது பிழைத்தது, எது பொய்த்தது என்பவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். பாடசாலை ஆசிரியர்கள் அதனை மாணவருக்கு ஒரு செயற்றிட்டமாகவே கொடுக்கலாம்.

பிரித்தானியர் பணமின்றி வீழ்ந்தவரல்லர், அறிவின்றி வீழ்ந்தவருமல்லர். கையிலிருந்த அறிவைப் பேணிப் புதுக்காமையால் வீழ்ந்தனர். நாமோ இருந்ததைக் கொண்டு ஓட்டிக் காட்டியவர்கள். அந்த அனுபவத்தை ஏட்டிலேற்றி அடுத்த தலைமுறைக்குக் கொடாவிடின், அவர்களைக் குறைகூற நமக்கு என்ன தகுதி உண்டு?